பண்டைக் கடலின் பெருஞ் சுறா

ஐரோப்பாவின் அரசர்களும் பிரபுக்களும் நஞ்சுக்கு அஞ்சி வாழ்ந்த காலம் ஒன்று இருந்தது. விருந்து மேசையில் வைக்கப்படும் உணவிலும் மதுவிலும் பகைவர் நஞ்சு கலந்திருப்பரோ என்னும் ஐயம் அவர்களை விட்டு நீங்கியதில்லை. அந்த அச்சத்துக்குக் காப்பாக அவர்கள் ஒருவகைக் கல்லை நம்பினர். முக்கோண வடிவமும், பளபளப்பான மேற்பரப்பும், அரம்போல் கூர்மையான ஓரங்களும் உடைய கல் அது. வெள்ளியாற் செய்த சிறு மரமொன்றின் கிளைகளிலே அக்கற்களைத் தொங்கவிட்டு, அதனை மேசையின்மீது வைத்திருப்பர். உணவிலுள்ள நஞ்சை அக்கல் காட்டிக்கொடுக்கும் என்றும், நஞ்சின் வலிமையைப் போக்கும் என்றும் கருதினர்.

இவற்றுக்கு ‘நாக்குக் கற்கள்’ என்று பெயர். மத்தியதரைக் கடலில் உள்ள மால்ற்றாத் தீவிலிருந்து இவை மிகுதியாகக் கிடைத்தன. புனித பவுல் அத்தீவிலே பாம்பு தீண்டியும் இறவாது பிழைத்து, பாம்புகளைச் சபித்தார் என்றும், அப்பாம்புகளின் நாக்குகளே கல்லாயின என்றும் மக்கள் கூறிவந்தனர். அவருக்கு அண்மைய காலத்தில் வாழ்ந்த உரோமானிய அறிஞர் பிளினியோ, இவை சந்திர கிரகணத்தின்போது வானத்திலிருந்து விழுபவை என்று எழுதிவைத்தார்.

உண்மை இவ்விரண்டிலும் வேறானது. அக்கற்கள் பாம்பின் நாக்குமல்ல, வானத்தின் கொடையுமல்ல. அவை சுறாவின் பற்கள். அவற்றுட் பெரியவை, இன்று உலகின் எந்தக் கடலிலும் காணவியலாத ஒரு பெருஞ் சுறாவின் பற்கள்.

இந்த உண்மை வெளிப்பட்ட வரலாறு சுவையானது. 1666 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், இத்தாலியின் லிவோர்னோ நகருக்கு அருகே மீனவர் பெரிய சுறா ஒன்றைப் பிடித்தனர். அதன் தலையைப் புளோரன்ஸ் நகருக்கு அனுப்புமாறு அந்நாட்டை ஆண்ட கோமகன் இரண்டாம் பெர்டினாந்து கட்டளையிட்டார். அவருடைய ஆதரவில் அங்கு இருந்த டென்மார்க் நாட்டு மருத்துவர் நீல்ஸ் ஸ்ரென்சன் அத்தலையை அறுத்து ஆராய்ந்தார். ஸ்ரெனோ என்னும் பெயரால் உலகம் அறிந்த அறிஞர் இவரே. சுறாவின் வாயிலிருந்த பற்களைக் கண்டபொழுது, தாம் பலமுறை பார்த்த நாக்குக் கற்கள் அவருடைய நினைவுக்கு வந்தன. வடிவம் ஒன்று, ஓரம் ஒன்று, வேர்ப்பகுதியும் ஒன்று. தமது ஆய்வை 1667 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டார். இவருக்கு முன்னரே, 1616 ஆம் ஆண்டில், பபியோ கொலொன்னா என்னும் இத்தாலிய அறிஞரும் இக்கருத்தைக் கூறியிருந்தார். ஆனால் ஸ்ரெனோ அவ்வளவில் நின்றுவிடவில்லை. கடல்வாழ் உயிரின் பல் மலைப்பாறையினுள் எவ்வாறு புகுந்தது என்று வினவினார். இன்று நிலமாக இருப்பது ஒரு காலத்தில் நீரின் கீழ் இருந்திருத்தல் வேண்டும். அந்நீரடியிற் படிந்த சேறே நாளடைவிற் பாறையாயிற்று என்று கண்டார். பூமியின் வரலாற்றைப் பாறைப் படைகளின் வாயிலாகக் கற்கும் கலைக்கு இந்த வினா ஓர் அடித்தளமாயிற்று.

அப்பற்களுள் மிகப் பெரியவற்றுக்கு உரிய சுறாவுக்குப் பெயரிட்டவர் சுவிற்சர்லாந்து நாட்டு அறிஞர் லூயி அகாசி. 1833 முதல் 1843 வரை அவர் வெளியிட்ட, உயிர்ச்சுவடுகளான மீன்கள் பற்றிய பெருநூலில் இது இடம்பெற்றது. அவர் சூட்டிய பெயர் ‘மெகலொடொன்’ என்பது. கிரேக்க மொழியில் ‘பெரும் பல்’ என்பது இதன் பொருள். ஆகவே இதனைத் தமிழிலே பெரும்பற் சுறா எனலாம்.

பெயர் பொருத்தமானதே. இன்று வாழும் ஊனுண்ணிச் சுறாக்களுள் மிக அஞ்சப்படுவது வெண்சுறா. அதன் மிகப் பெரிய பல்லும் ஏறக்குறைய 7 சென்ரிமீற்றருக்கு மேற்படுவதில்லை. பெரும்பற் சுறாவின் மிகப் பெரிய பற்களோ 17, 18 சென்ரிமீற்றர் நீளமுடையன. வளர்ந்த ஒருவரின் உள்ளங்கையில் அத்தகைய பல்லை வைத்தால், கை முழுவதையும் மூடி விரல்களின் மீதும் நீண்டு கிடக்கும்.

இச்சுறா ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் தோன்றி, 36 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் வரை வாழ்ந்தது. இதன் பற்கள் ஐரோப்பா, அமெரிக்கா, ஆபிரிக்கா, ஆவுஸ்திரேலியா, யப்பான் எனப் பல இடங்களிற் கிடைத்துள்ளன. இது வாழ்ந்த காலத்தின் பெரும்பகுதியை மயோசீன் காலம் என்பர். யாழ்ப்பாணத்திலே கிணறு வெட்டுவோர் உடைத்தெடுக்கும் சுண்ணாம்புக் கல்லும் அம்மயோசீன் காலத்துக் கடலடியிற் படிந்ததே. குடாநாட்டின் தோட்டங்களுக்கு இன்று நீர் வழங்கும் அந்தக் கல், கடலடிச் சேறாக இருந்த காலத்தில், உலகின் வெப்பக் கடல்களிலே பெரும்பற் சுறா உலவியது. காலத்தின் தொலைவை இதனால் ஒருவாறு உணரலாம்.

இத்துணைப் பெரிய விலங்கின் உடல் எங்கே? பற்கள் மட்டும் எஞ்சியது ஏன்? சுறாவுக்கு மாட்டுக்கும் மனிதருக்கும் உள்ளது போன்ற வன்மையான எலும்பு இல்லை. அதன் உடலைத் தாங்குவது குருத்தெலும்பு. சுறா இறந்ததும் அது விரைவில் அழிந்துபோகும். பல்லோ உடலிலேயே மிக உறுதியான பொருளாலானது. மேலும், சுறாவுக்குப் பல் விழுந்தால் புதியது முளைத்துக்கொண்டே இருக்கும். தாடையின் உட்புறத்தில் வரிசை வரிசையாகப் புதிய பற்கள் காத்திருந்து, முன்வரிசை விழ விழ முன்னோக்கி நகரும். இவ்வாறு ஒரு சுறா தன் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான பற்களை உதிர்த்துவிடுகின்றது. ஆகவே பண்டைக் கடலடியில் எஞ்சியவை பெரும்பாலும் பற்களும், சிற்சில முள்ளென்புகளுமே.

பல்லைக் கொண்டு உடலை அளப்பது எவ்வாறு? இம்முயற்சியில் அறிஞர் அடைந்த தடுமாற்றங்கள் கவனித்தற்குரியன. 1909 ஆம் ஆண்டில் நியூயோர்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று நூதனசாலையில், பஷ்போட் டீன் என்பவர் பெரும்பற் சுறாவின் தாடையை மீட்டமைத்தார். மனிதர் பலர் அதனுள் அமர்ந்து படம் பிடித்துக்கொள்ளலாம். அவ்வளவு பெரியது அது. அதனைக் கொண்டு இச்சுறா 30 மீற்றர் நீளம் இருந்திருக்கும் என்று பலர் எண்ணினர். பிழை எங்கே நேர்ந்தது? சுறாவின் வாயில் நடுப்பற்கள் பெரியவை. கடைவாயை நோக்கிச் செல்லச் செல்லப் பற்கள் சிறுத்துவிடும். டீன் அமைத்த தாடையிலோ எல்லா இடத்திலும் பெரிய பற்களே பதிக்கப்பட்டிருந்தன. ஆகவே தாடை தன் உண்மையான அளவிலும் பெரிதாகிவிட்டது.

1973 ஆம் ஆண்டில் வெண்சுறாவின் பல்லுக்கும் உடலுக்கும் உள்ள விகிதத்தை ஆராய்ந்து, பெரும்பற் சுறாவின் நீளம் ஏறக்குறைய 13 மீற்றர் என்று கணித்தனர். 1996 ஆம் ஆண்டு ஆய்வொன்று அதனை 16 மீற்றர் அளவாக உயர்த்தியது. இக்கணிப்புகள் யாவும் பெரும்பற் சுறாவைப் பெருத்த வெண்சுறா என்றே கொண்டவை.

பின்னர் அறிஞரின் கவனம் பல்லிலிருந்து முள்ளந்தண்டை நோக்கித் திரும்பியது. பெல்ஜியத்தின் அன்ற்வேர்ப் நகருக்கு அருகே பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கிடைத்த முள்ளென்புகளின் தொகுதி ஒன்று பிரசல்ஸ் நூதனசாலையில் இருக்கின்றது. ஒரே சுறாவுக்கு உரியனவான 140 இற்கு மேற்பட்ட முள்ளென்புகள் அதிலே உள்ளன. மரத்தின் வயதை வளையங்களைக் கொண்டு அறிவது போல, முள்ளென்பின் வளையங்களைக் கொண்டு சுறாவின் வயதை மதிப்பிடலாம். அவ்வாறு எண்ணியபொழுது, அச்சுறா இறக்கும்போது அதற்கு வயது 46 எனத் தெரிந்தது. அது பிறக்கும்பொழுதே மனிதரினும் நீண்டதாய், 2 மீற்றருக்குக் குறையாத உடலுடன் பிறந்திருத்தல் வேண்டும் என்பதும் தெரிந்தது.

அம்முள்ளந்தண்டின் நீளம் ஏறக்குறைய 11 மீற்றர். 2025 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், வாழ்கின்றனவும் அழிந்தனவுமாகிய 160 இற்கு மேற்பட்ட சுறா இனங்களின் உடல் விகிதங்களை ஒப்பிட்டு, இதற்குரிய தலையும் வாலும் எவ்வளவு இருக்கும் என்று கணித்தனர். பெல்ஜியச் சுறாவின் முழு நீளம் 16.4 மீற்றர் எனப் பெறப்பட்டது. அதன் மிகப் பெரிய முள்ளென்பின் விட்டம் 15.5 சென்ரிமீற்றர். ஆனால் டென்மார்க்கிலே கிடைத்த பெரும்பற் சுறாவின் முள்ளென்பு ஒன்று 23 சென்ரிமீற்றர் விட்டமுடையது. முள்ளென்பு பெருகிய விகிதத்திலேயே உடலும் பெருகியிருந்தால், அந்த டென்மார்க்குச் சுறாவின் நீளம் 24.3 மீற்றர் ஆகும். ஏறக்குறைய 80 அடி. இரண்டு பஸ் வண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினாற் போன்ற நீளம் அது. அதன் நிறை 94 தொன் இருக்கலாம் என்பதும் அவ்வாய்வாளரின் கணிப்பு. உடலோ வெண்சுறாவைப் போலப் பருத்ததன்று. அதனிலும் மெலிந்து நீண்டது என்று அவர்கள் கருதுகின்றனர். முழு உடல் ஒன்று கிடைக்கும்வரை இவை யாவும் மதிப்பீடுகளே. எனினும் முன்னைய மதிப்பீட்டைப் பின்னைய சான்று திருத்திச் செல்லும் இந்நெறியே விஞ்ஞானத்தின் வலிமை.

இனி, இன்றைய சுறாக்களுடன் இதனை ஒப்பிட்டு நோக்கலாம்.

வெண்சுறாவின் நீளம் 6 மீற்றர் அளவு. நிறை ஏறக்குறைய 2 தொன். கடலோர மக்கள் அஞ்சும் புலிச்சுறாவும் 5 மீற்றர் அளவினதே. பெரும்பற் சுறாவின் அருகில் இவை பெரியதொரு யானையின் அருகில் நிற்கும் ஆட்டுக்குட்டிகள் போன்றன. கடிக்கும் வலிமையிலும் இவ்வேறுபாடு காணப்படுகின்றது. 2008 ஆம் ஆண்டில் கணினியின் துணைகொண்டு செய்த ஆய்வொன்றின்படி, மிகப் பெரிய வெண்சுறாவின் கடி ஏறக்குறைய 1.8 தொன் நிறை அழுத்துவதற்கு ஒப்பானது. பெரும்பற் சுறாவின் கடியோ 11 தொன்னிலிருந்து 18 தொன் வரை இருந்திருக்கலாம்.

ஆனால் இன்றைய சுறாக்களுள் மிகப் பெரியது வெண்சுறா அன்று. திமிங்கிலச் சுறாவே அப்பெருமைக்கு உரியது. இலங்கையைச் சூழ்ந்த கடலிலும் அது உலவுகின்றது. அதன் நீளம் 18 மீற்றர் வரை செல்லும். கரிய முதுகிலே வெண்புள்ளிகள் நிறைந்த இவ்விலங்கு, இன்று வாழும் மீன்கள் அனைத்திலும் பெரியது. அதன் வாயிலும் ஆயிரக்கணக்கான பற்கள் உண்டு. ஆனால் ஒவ்வொன்றும் சில மில்லிமீற்றர் அளவினவே. மிதக்கும் நுண்ணுயிர்களையும், மீன்முட்டைகளையும், சிறு மீன்களையும் நீரோடு வாங்கி வடித்து உண்பதே அதன் வாழ்க்கை. குளிர்க் கடல்களில் வாழும், அளவில் இரண்டாவதான மற்றொரு பெருஞ் சுறாவும் இவ்வாறே வடித்துண்பது. பேருடல் பெற்ற இன்றைய சுறாக்கள் சாதுவானவை; கொடுமை மிக்கவை உடலாற் சிறியவை. பேருடலையும் ஊனுண்ணும் இயல்பையும் ஒருங்கே கொண்டிருந்தமையே பெரும்பற் சுறாவின் தனிச்சிறப்பு.

வெண்சுறா, பெரும்பற் சுறாவின் வழித்தோன்றல் என்றும் ஒரு கருத்து உண்டு. பல்லின் வடிவ ஒற்றுமையைக் கண்டு அகாசியே இரண்டையும் ஒரே இனத்தொகுதியில் வைத்தார். ஆயினும் இரண்டும் வெவ்வேறு குலத்தைச் சேர்ந்தவை என்பதே இன்று பெரும்பாலார் முடிபு. பெரு நாட்டிற் கிடைத்து 2012 ஆம் ஆண்டிற் பெயரிடப்பட்ட இடைநிலைச் சுறா ஒன்று, வெண்சுறாவின் முன்னோர் வேறு கிளையினர் என்பதை விளக்குகின்றது. அக்கிளையில் முதலில் ஓரம் மழுங்கலாக இருந்த பற்கள், படிப்படியாக அரம்போன்ற ஓரம் பெற்றன. ஒரே தொழிலுக்கு இரு கொல்லர் தனித்தனியே செய்த கத்திகள் ஒத்திருப்பது போல, பெரிய இரையை அறுத்துண்ணும் தேவை இரண்டு குலத்துக்கும் ஒத்த பல்லை அளித்தது.

அப்பேருடலுக்கு உணவு யாது? திமிங்கிலங்களின் உயிர்ச்சுவடான எலும்புகள் விடை கூறுகின்றன. பெரு நாட்டிற் கிடைத்த, 5 மீற்றரும் நிரம்பாத சிறு திமிங்கிலங்களின் எலும்புகளில் இப்பற்களின் தழும்புகள் காணப்படுகின்றன. மயோசீன் காலத்துக் கடல்களில் இத்தகைய சிறு திமிங்கிலங்கள் பல வகையின மலிந்திருந்தன. அவையே பெரும்பற் சுறாவின் வளத்துக்குக் காரணம்.

உணவுத் தேவையைப் பெருக்கிய மற்றொரு காரணமும் உண்டு. பெரும்பாலான மீன்களின் உடல் வெப்பம், சூழவுள்ள நீரின் வெப்பத்தை ஒத்தது. பெரும்பற் சுறாவின் உடலோ நீரினும் ஏறக்குறைய 7 பாகை வெப்பம் மிகுந்திருந்தது என்று 2023 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு கூறுகின்றது. ஒரே மூலகத்தின் நிறை வேறுபட்ட அணுக்களைச் சமதானிகள் என்பர். பல் உருவாகும்போது அவை ஒன்றோடொன்று சேரும் முறை உடலின் வெப்பத்துக்கேற்ப மாறும். அதனைப் பல்லின் மிளிரியில் அளந்து இம்முடிவுக்கு வந்தனர். வெப்பமான உடல் குளிர்நீரிலும் விரைந்து இயங்க வல்லது. ஆனால் அவ்வெப்பத்தைக் காப்பதற்கு ஓயாது உணவு வேண்டும். பெரிய அடுப்புக்கு நிறைய விறகு வேண்டுமல்லவா?

அந்த விறகு ஒரு நாள் குறையத் தொடங்கியது. பூமி மெல்லக் குளிர்ந்தது. கடல் நீரோட்டங்கள் மாறின. சிறு திமிங்கில இனங்கள் பல அருகின. எஞ்சியவற்றின் வழிவந்தவை உடல் பெருத்து, துருவக் கடல்வரை நெடுந்தூரம் இடம்பெயரும் வழக்கத்தை மேற்கொண்டன. அதே காலத்தில், ஏறக்குறைய 40 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர், வெண்சுறா உலகக் கடல்களிற் பரவியது. 2022 ஆம் ஆண்டில் இரண்டின் பற்களிலும் உள்ள நாகம் என்னும் உலோகத்தின் சமதானிகளை ஒப்பிட்டபொழுது, ஒரே வகை உணவுக்கு இரண்டும் போட்டியிட்டிருக்கலாம் என்பதற்குச் சான்று கிடைத்தது. போட்டியில் வென்றது பெரியதன்று. சிறிய வெண்சுறா குறைந்த உணவாலும் வாழ வல்லதாயிற்று. பெரும்பற் சுறாவின் குட்டிகளோ தமக்குரிய இரையை இழந்தன. எந்தப் பேருடல் அதனைக் கடலின் அரசனாக்கியதோ, அந்தப் பேருடலே உணவு குறைந்த காலத்தில் அதற்குச் சுமையாயிற்று.

ஆழ்கடலின் இருளிலே அச்சுறா இன்றும் மறைந்து வாழ்கின்றது என்று சிலர் கூறுவதுண்டு. இக்கதைக்கு ஒரு தோற்றுவாய் உண்டு. 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களை ஆராய்ந்த சலஞ்சர் என்னும் பிரித்தானியக் கப்பல், பசுபிக் சமுத்திரத்தின் ஆழத்திலிருந்து இச்சுறாவின் பற்களை வாரியெடுத்தது. அவற்றின்மீது மங்கனீசுப் படிவு மூடியிருந்தது. அப்படிவின் தடிப்பைக் கொண்டு, அப்பற்கள் 11,000 முதல் 24,000 ஆண்டுகள் வரை மட்டுமே பழமையானவை என்று 1959 ஆம் ஆண்டில் ஓர் ஆய்வாளர் கணித்தார். ஆனால் மங்கனீசு எங்கும் எப்பொழுதும் ஒரே வேகத்திற் படிவதன்று. சில வேளைகளிற் படிவதே நின்றுவிடும். எனவே அக்கணக்கு நிலைபெறவில்லை. மேலும், பெரும்பற் சுறா கரையோர வெப்பநீரில் இரை தேடியது. பனாமாவில் 1 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட ஆழமற்ற கடலிலே அதன் குட்டிகள் வளர்ந்தமைக்குச் சான்று உண்டு. அத்தகைய விலங்கு, உணவு அரிதான ஆழ்கடற் குளிரில் வாழ இயலாது. ஆயிரக்கணக்காகப் பல் உதிர்க்கும் அவ்விலங்கு இன்றும் இருப்பின், புதிய பல் ஒன்றேனும் எவரேனும் ஒருவர் கையில் அகப்பட்டிருக்கும். ஆகவே அது அழிந்தது என்பதில் ஐயமில்லை.

பெரும்பற் சுறாவை அழித்தவர் மனிதர் அல்லர். அக்காலத்தில் மனிதர் தோன்றவே இல்லை. இன்றைய சுறாக்களின் நிலை அவ்வாறன்று. ஊனுக்காகவும் செட்டைக்காகவும் அவை பிடிக்கப்படுகின்றன. வேறு மீனுக்கு விரித்த வலையிலும் அகப்பட்டு மடிகின்றன. 1970 ஆம் ஆண்டிலிருந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலத்தில், திறந்த சமுத்திரத்தில் வாழும் சுறா, திருக்கை ஆகியவற்றின் தொகை 71 சதவீதம் குறைந்துவிட்டது என்று 2021 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. சாளையும் சூடையும் போல இவை இலட்சக்கணக்கில் முட்டையிடுபவை அல்ல. பெண் வெண்சுறா குட்டி ஈனும் பருவத்தை அடைவதற்கே ஏறக்குறைய 30 ஆண்டுகள் வேண்டும். ஈனும் குட்டிகளும் சிலவே. குறைந்தது மீண்டும் நிறையப் பல தலைமுறைகள் செல்லும். இலங்கையில் 2012 ஆம் ஆண்டில் நீண்ட வாலையுடைய ஒருவகைச் சுறாவைப் பிடித்தல் தடைசெய்யப்பட்டது; 2015 ஆம் ஆண்டின் கடற்றொழில் விதிகள் திமிங்கிலச் சுறாவைப் பிடிப்பதையும் தடுத்தன. கடலை நம்பி வாழ்வோருக்கு இத்தடைகள் சில வேளைகளில் இடராகத் தோன்றலாம். ஆனால் பெரிய சுறா இல்லாத கடல், நாளடைவில் மீனவரின் வலையையும் வெறுமையாக்கும்.

2 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் தோன்றிய பெரும்பற் சுறா, ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு மேல் கடலை ஆண்டது. மனித இனத்தின் வயதோ அதனோடு ஒப்பிட ஒரு நொடிப்பொழுது. அத்துணை நீண்ட ஆட்சியும், அத்துணைப் பெரிய உடலும் அதனைக் காக்கவில்லை. உணவு நின்றபொழுது அது நின்றது. அதன் பின் எஞ்சியது கல்லாகிய பல் மட்டுமே. அப்பல்லையும் பல நூற்றாண்டுகளாக மனிதர் பாம்பின் நாக்கு என்று பிழைபட எண்ணினர். வருங்காலத்து மக்கள், திமிங்கிலச் சுறாவையும் வெண்சுறாவையும் நூதனசாலையின் கண்ணாடிப் பேழையில் உள்ள பற்களைக் கொண்டு அறிவார்களா, அல்லது கடலிலே கண்டு அறிவார்களா என்பது, இன்று வாழ்பவர்களின் கையில் இருக்கின்றது.